சின்னத் தண்டவாளம் – 17: சோறும் சொல்லும்

கடனில் மூழ்கிய லயனல் கம்பெனி 1934-ல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்கள் கைக்குப் போனதைச் சென்ற இதழில் பார்த்தோம். மிக்கி மவுஸும் மின்னியும் எதிரெதிரே நின்று நெம்புகோலை ஆட்டும் ஒரு டாலர் டிராலி இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்று, கம்பெனியின் பெயரைத் தூக்கி நிறுத்தியதையும் பார்த்தோம். மூச்சு திரும்பிய கையோடு 1935-ல் லயனல் இன்னொரு காரியம் செய்தது. பொம்மை ரயிலைக் கூவ வைத்தது.

அதுவரை பொம்மை ரயில் பெரும்பாலும் ஊமை. சக்கரம் கரகரக்கும், மோட்டார் முனகும், அவ்வளவுதான். கூவுகிற பொறுப்பு ஓட்டுகிற பிள்ளையுடையது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தெருவில் வரிசையாக ஓடிய நம் காலத்திலும், எஞ்சினாக முன்னால் நின்றவனுக்குத்தானே 'கூ' சொல்லும் உரிமை? அந்த உரிமையைத்தான் நியூயார்க்கின் ஜோஷுவா லயனல் கோவன் பிள்ளைகளிடமிருந்து வாங்கி எஞ்சினிடம் கொடுத்தார்.

சத்தம் உண்டாக்குவது அவருக்குப் பெரிய பாடாக இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டி, பொம்மையில் வெறும் கூடு. அதற்குள் தனியாக ஒரு குட்டி மோட்டார், அதன் முனையில் ஒரு காற்றாடி, பக்கத்தில் வெவ்வேறு சுருதியில் இரண்டு ஊதல் அறைகள். மோட்டார் சுற்றினால் காற்று அறைக்குள் புகுந்து புல்லாங்குழலில் நடப்பதுதான் அங்கும் நடக்கும். நிஜ எஞ்சினில் நீராவி ஊதுகிறது, இங்கே காற்று ஊதுகிறது. மற்றபடி அது பாசாங்கில்லாத விசில்.

பாடு வேறு இடத்தில் இருந்தது. ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை மூலையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. "இப்போது ஊது" என்று டெண்டருக்குள் இருக்கும் மோட்டாரிடம் யார் போய்ச் சொல்வது? ஓடுகிற ரயிலுக்கும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு தண்டவாளம். லயனலுக்கு நடுவில் ஒன்று சேர்த்து மூன்று தண்டவாளம் என்றாலும், ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு ஒன்றே. ஆக, போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. அந்த வழியில் ஏற்கெனவே எஞ்சினின் சோறு போய்க்கொண்டிருக்கிறது. அதே வழியில், சோற்றோடு கலந்துவிடாமல், சொல்லும் போக வேண்டும்.

இந்தத் தொடரில் இதுவரை பொம்மை ரயிலின் உடம்பைப் பற்றியே பேசினோம். அதன் குரலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடுத்த தொண்ணூறு ஆண்டுக் கதையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருவதைப் பார்க்கலாம்.

ஏசி சோறு, டிசி சொல்

லயனலின் விடை அழகானது. அதன் ரயில் ஓடியது ஏசி மின்சாரத்தில். அந்த மோட்டாருக்கு ஏசியும் ஒன்றுதான், டிசியும் ஒன்றுதான். எது வந்தாலும் சுற்றும். எனவே விசில் நெம்புகோலை அழுத்தினால் ஏசியோடு கொஞ்சம் டிசி கலந்து தண்டவாளத்தில் இறங்கும்படி செய்தார்கள். டெண்டருக்குள் ஒரு ரிலே காத்திருக்கும். ஏசிக்கு அது அசையாது, டிசியின் வாடை பட்டால் மட்டும் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் விசில் மோட்டாருக்கு இணைப்புக் கிடைக்கும், ரயில் கூவும். கையை எடுத்தால் டிசி நிற்கும், ரிலே விடுபடும், கூவல் அடங்கும்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. டிசியைக் கலப்பதற்காக நடுவே வைத்த தகடு மின்சாரத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கூவுகிற நேரத்தில் ரயில் சோர்ந்து போய்விட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்? அதற்காக நெம்புகோலை அழுத்தும் அதே கணத்தில் சுமார் 5 வோல்ட் கூடுதலாக இறங்கும்படி டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு சுற்றைச் சேர்த்தார்கள். பாடுகிறவனுக்கு ஒரு கவளம் கூடுதல்.

போர் முடிந்து டீசல் எஞ்சின்கள் வந்தபோது சிக்கல் புதிதாக முளைத்தது. டீசலுக்கு டெண்டர் கிடையாது. அது கூவாது, ஹாரன் அடிக்கும். 1948-ல் வந்த லயனலின் எஃப்-3 டீசலுக்குள் ஒரு சிறு மின் ஹாரனை வைத்து, அதற்குச் சோறு போட ஒரு டார்ச் லைட் பேட்டரியையும் உள்ளேயே வைத்தார்கள். கட்டளை மட்டும் பழையபடி தண்டவாளத்தில் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ரயிலைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றும்போது, அந்த ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுக்க மறந்த வீடுகள் ஏராளம். பேட்டரி கசிந்து அடித்தட்டை அரித்த எஃப்-3-கள் பழம்பொருள் சந்தையில் இன்றும் வருகின்றன.

நான்கு தட்டு

விசில் எப்போதாவதுதான். நீராவி எஞ்சினின் மூச்சு ஓயாமல் கேட்கும் அந்த 'குப் குப்'தான். அது எங்கிருந்து வருகிறது?

சிலிண்டருக்குள் புகுந்த நீராவி பிஸ்டனைத் தள்ளிவிட்டு, வேலை முடிந்ததும் புகைபோக்கி வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு பீறிடலும் ஒரு 'குப்'. பிஸ்டனை முன்னிருந்தும் பின்னிருந்தும் நீராவி தள்ளுவதால் ஒரு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு. இடமும் வலமுமாக இரண்டு சிலிண்டர் என்றால், சக்கரம் ஒருமுறை சுற்றி வருவதற்குள் நான்கு. இது சதுஸ்ர நடை. பிரிட்டனின் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் ஒரு சுற்றுக்கு ஆறு. அவை திஸ்ரத்தில் போகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டே எஞ்சினின் வகையைச் சொல்லிவிடுகிற ரசிகர்கள் உண்டு.

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் புகழ்பெற்ற ஹட்சன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய சக்கரத்தின் விட்டம் 79 அங்குலம், ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு சுற்றில் அது 6.3 மீட்டர் போகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 7 'குப்'. 100 கி.மீ. தொட்டால் நொடிக்கு 17-க்கு மேல். அப்போது காதுக்குத் தட்டு தெரியாது, தொடர்ந்த இரைச்சல்தான். அதையே 87-ல் ஒரு பங்காகக் குறைத்த எச்ஓ அளவு மாடலில் அந்தச் சக்கரம் 23 மி.மீ. தண்டவாளத்தில் 18 மி.மீ. நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு 'குப்' விழ வேண்டும். விரற்கடை தூரத்துக்கு ஒன்று. தவறினால் நடனம் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்றாகிவிடும்.

இந்தத் தாளத்தைப் பிடிக்க எத்தனை தந்திரங்கள்! போருக்குப் பின் அமெரிக்கன் ஃப்ளையர் ரயில்களில், சக்கரத்தோடு சேர்ந்து இயங்கும் ஒரு பிஸ்டன் காற்றை உந்தியது. புகையும் 'சூ சூ' சத்தமும் ஒன்றாக வந்தன. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டிரை-ஆங் ஹார்ன்பி கையாண்ட வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். டெண்டருக்குள் சக்கரம் சுற்றச் சுற்ற ஓர் உப்புத்தாள் உரசப்படும். தச்சுப் பட்டறைச் சத்தம்தான், ஆனால் ஓடுகிற வேகத்துக்குத் தக்கபடி கூடிக் குறையும். ஏழெட்டு வயதுக் காதுக்கு அது போதுமானதாக இருந்தது.

சாகும் குரலைச் சேமித்தவர்கள்

பெரியவர்களின் காதுக்கு அது போதவில்லை. அதற்குக் காரணம் இசைத்தட்டு.

1950களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நீராவி எஞ்சின்களை வரிசையாகப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவிச் சேவை 1960-ல் முடிந்தது. பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்ட் 11-ல் தன் கடைசி நீராவிப் பயணத்தை ஓட்டி முடித்தது. அந்த இறுதி ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தண்டவாள ஓரம் அலைந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள்.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க். இரவில் ஃபிளாஷ் பல்புகளை அடுக்கி அவர் எடுத்த ரயில் படங்களை உலகம் அறியும். அதே பயணங்களில் எஞ்சின்களின் சத்தத்தையும் பதிந்து இசைத்தட்டாக வெளியிட்டார். 1957 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வர்ஜீனியாவின் ரூரல் ரிட்ரீட் என்ற சிற்றூரில், தேவாலய மணியிசையின் ஊடே ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போவதை அவர் பதிந்திருக்கிறார். பிரிட்டனில் பீட்டர் ஹாண்ட்ஃபோர்ட். சினிமா ஒலிப்பதிவாளர், பின்னாளில் 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். 'டிரான்சகார்ட்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட ரயில் தட்டுகளை மக்கள் வாங்கிக் கூடத்தில் போட்டுக் கேட்டார்கள்.

இப்படி, நிஜ எஞ்சின் வாய் மூடிய காலத்தில் அதன் குரல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்டுப் பழகிய காது, தன் மேசையில் ஓடும் மாடலிடமும் அதே குரலைக் கேட்கத் தொடங்கியது. உப்புத்தாளின் காலம் முடிந்தது.

பாதி வழியில் ஒரு பெட்டி

ஜப்பானில் கையால் செய்த பித்தளை எஞ்சின்களை அமெரிக்காவில் விற்றுவந்த பசிபிக் ஃபாஸ்ட் மெயில் நிறுவனம் 1970களில் ஒரு வழி கண்டது. எச்ஓ ரயில்கள் டிசியில் ஓடுபவை. அதில் திசையைச் சொல்வதே நேர்-எதிர் மாற்றம்தான் என்பதால் லயனலின் பழைய தந்திரம் இங்கே செல்லாது. ஆகவே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். சத்தத்தை மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டியிலேயே உண்டாக்கி, டிசியின் முதுகில் ஏற்றித் தண்டவாளத்தில் அனுப்பினார்கள். டெண்டரில் ஒரு ஸ்பீக்கர். அதன் வாசலில் டிசியை உள்ளே விடாமல் தடுக்க ஒரு கெப்பாசிட்டர். 'குப்' எப்போது விழ வேண்டும் என்பதைச் சக்கரத்தின் அச்சில் பொருத்திய சிறு தட்டும் அதைத் தொடும் மெல்லிய கம்பியும் பெட்டிக்குத் தெரிவித்தன.

கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். ஆனால் ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின் நின்றால்? இரண்டும் ஒரே குரலில் பேசும். ஒவ்வொரு எஞ்சினையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மொழி இல்லாதவரை, எத்தனை நல்ல ஸ்பீக்கர் வைத்தும் பயனில்லை.

குறிலும் நெடிலும்

அந்த மொழியைத் தேடும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. 1963-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் 'ஆஸ்டிராக்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. ஒரே தடத்தில் ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டலாம். 1979-ல் ஹார்ன்பியின் 'ஜீரோ 1' பதினாறு எஞ்சின்களைக் கையாண்டது. அதே ஆண்டு டிசம்பரில் 'மாடல் ரெயில்ரோடர்' இதழ், வாசகர்களே கட்டிக்கொள்ளும் 'சிடிசி-16' அமைப்பின் செய்முறையை வெளியிட்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. கடைசியில், ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களின் நடுவில் எல்லோருக்கும் பொதுவான தரத்தை வகுத்தது. அதன் பெயர் டிசிசி.

டிசிசி செய்ததைப் பாருங்கள். அதுவரை எல்லோரும் சோற்றோடு சொல்லைக் கலக்கும் வழியைத்தான் தேடினார்கள். டிசிசியில் சோறே சொல்லாகிவிட்டது. தண்டவாளத்தில் போகும் மின்சாரம் முழு வேகத்தில் ஓயாமல் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு திசையிலும் 58 மைக்ரோநொடி தங்கினால் அது 'ஒன்று'. 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ தங்கினால் 'சுழி'. நம் பாஷையில் குறில், நெடில். குறிலும் நெடிலும் அசையாகி, அசை சீராகி, "3-ஆம் எண் எஞ்சினே, விசில் ஊது" என்று ஒரு வாக்கியம் ஆகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் படித்துக்கொண்டே, அதே மின்சாரத்தை நேராக்கி மோட்டாருக்கும் ஊட்டுகிறது. எண் தனதில்லை என்றால் சாப்பிட்டுவிட்டுச் சொல்லை விட்டுவிடும்.

மொழி கிடைத்ததும் குரல் தானாக வந்தது. கொலராடோவின் டுராங்கோ நகரில், இன்றும் நீராவி ரயில் கூவிக்கொண்டு மலையேறும் ஊரில், சவுண்ட்டிராக்ஸ் நிறுவனம் 1990களில் ஒலியோடு கூடிய டிகோடரைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் உல்ம் நகரத்து இஎஸ்யு, கம்ப்யூட்டர் வழியாக டிகோடரின் குரலையே அழித்து வேறு குரல் ஏற்றும் வசதியைத் தந்தது; நேற்று டீசலாக உறுமியது இன்று நீராவியாகக் கூவும். லயனல் பக்கத்தில் இதில் கை வைத்தவர் பாடகர் நீல் யங். மூளை முடக்குவாதத்தால் கை வழங்காத தன் மகனும் ரயில் ஓட்ட வேண்டும் என்று, ஒரே பெரிய சிவப்புப் பொத்தானில் இயங்கும் கருவியை உருவாக்கியவர், 1990களின் நடுவில் அந்தக் கம்பெனியின் பங்குதாரராகவே ஆகிவிட்டார். 2002-ல் பிராட்வே லிமிடெட் நிறுவனம் தன் முதல் எச்ஓ எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே ஒலி பொருத்தி விற்றது. அது நாம் மேலே கணக்குப் போட்ட அதே ஹட்சன்.

மேசைமேல் ஓர் எஞ்சின்

கடையில் ஒலியோடு கிடைக்கும்போது கையால் பொருத்துவானேன்? தன் எஞ்சின் தன் குரலில் பேச வேண்டும் என்ற ஆசைதான். அப்படி ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

பழைய ஹட்சன் எஞ்சின் ஒன்றை மல்லாக்கப் போட்டு, அடியிலிருந்து திருகுகளைக் கழற்றி மேற்கூட்டைத் தூக்குகிறார். முதல் வேலை, மோட்டாரைச் சட்டத்திலிருந்து பிரிப்பது. பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை சட்டத்தையே கம்பியாகப் பயன்படுத்தும். அதை அப்படியே விட்டு டிகோடரை இணைத்தால் ஒரு நொடியில் புகை வரும், அது புகைபோக்கியிலிருந்து வருவதல்ல. எனவே மீட்டரை வைத்து இரண்டுக்கும் நடுவே தொடர்பு அற்றுவிட்டதா என்று மூன்று தரம் பார்க்கிறார். பிறகு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு, நீலம் எல்லாவற்றுக்கும் பொது. பொதுத் தரத்தைப் பின்பற்றும் டிகோடர் எந்த ஊருடையதானாலும் இந்த நிறங்கள் மாறா. ஒவ்வொன்றிலும் ஈயத்தைப் பற்றவைத்து, சுருங்கும் உறையை மாட்டுகிறார்.

அடுத்தது ஸ்பீக்கர். கைபேசிக்காகச் செய்த 11-க்கு 15 மி.மீ. ஸ்பீக்கர், சர்க்கரைக் கட்டி என்றே அதற்குச் செல்லப்பெயர். அதை வெறுமனே வைத்து ஓட்டினால் கொசு ரீங்காரம்தான். முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. அதன் முதுகில் காற்றுப் புகாத ஒரு சின்னப் பெட்டியை ஒட்டி, விளிம்பெல்லாம் பசை தடவுகிறார். இப்போது சத்தத்துக்கு வயிறு வந்துவிடுகிறது. வீணைக்குக் குடம் போல. நிஜ எஞ்சின் பக்கத்தில் வரும்போது நெஞ்சில் இடிக்கும் அந்த அடித்தொனி மட்டும் எந்தப் பெட்டியிலும் வராது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். ரயிலை 87-ல் ஒரு பங்காகக் குறைக்கலாம், காற்றைக் குறைக்க முடியாது.

கடைசியில் பயிற்சி. புது டிகோடர் தொழிற்சாலையிலிருந்து 3 என்ற எண்ணோடுதான் வரும். அதை எஞ்சினின் உடம்பில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மாற்றுகிறார். பல டஜன் விசில்களிலிருந்து தன் ரயில்வேக்கு உரியதைத் தேர்ந்தெடுக்கிறார். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு விழும்வரை எண்களைத் திருத்துகிறார். டிகோடர் நொடியில் பல முறை மோட்டாருக்குச் சோற்றை நிறுத்தி, அது சும்மா சுற்றும்போது உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளக்கிறது; அதிலிருந்து சுமை தெரிந்துவிடுகிறது. ஏற்றத்தில் 'குப்' கனக்கிறது. இறக்கத்தில் அது அடங்கி, இணைப்புத் தண்டுகளின் 'கிளிங் கிளிங்' மட்டும் கேட்கிறது.

தடத்தில் வைத்து ஓட்டுகிறார். ஹட்சன் கூவிக்கொண்டு வளைவில் திரும்புகிறது. சட்டென்று நின்று, மறுபடி கொதிகலன் மூட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறது. காரணம், தண்டவாளத்தில் கடுகளவு அழுக்கு. விளக்கு மட்டும் இருந்த காலத்தில் அது ஒரு கண்சிமிட்டல். இப்போது சோறும் சொல்லும் ஒன்றாகிவிட்டதால் ஒரு கண இடைவெளியில் இரண்டும் அற்றுப்போகின்றன. இதற்கும் மருந்து உண்டு. டெண்டரில் ஒரு கெப்பாசிட்டர் கூட்டத்தைச் சேர்த்துவிட்டால் ஓரிரு நொடிக்குத் தாங்கும். எஞ்சினுக்கு ஒரு கட்டுச்சோறு.

கட்டுச்சோறு என்று வந்ததும் சிலர் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் என்ன என்று யோசித்தார்கள். 2023-ல் ஹார்ன்பி, கைபேசியிலிருந்து புளூடூத்தில் கட்டளை வாங்கும் ஒலி டிகோடர்களைக் கொண்டுவந்தது. சொல் காற்றுக்கு மாறியது. லித்தியம் பேட்டரியை டெண்டருக்குள் வைத்துச் சோற்றையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். தங்கள் தடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் செத்த தண்டவாளம். அதில் மின்சாரம் இல்லை, கட்டளை இல்லை. சக்கரம் உருள ஒரு வழி, அவ்வளவே.

நிஜ ஹட்சனுக்கும் தண்டவாளம் அவ்வளவாகத்தான் இருந்தது. அது தன் சோற்றைக் கரியாகவும் தண்ணீராகவும் டெண்டரில் கட்டிக்கொண்டு வந்தது.

(தொடரும்)

அடுத்த இதழில்: புத்தம் புது எஞ்சினை வாங்கிக் கரியும் துருவும் பூசி அழுக்காக்கிய கலிஃபோர்னியாக்காரர் ஜான் ஆலன், அவர் தடத்தில் வண்டி இழுத்த ஒரு டைனோசர்.